இரண்டு வெல்டுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும்? பைப்பிங் வேலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி, சாத்தங்காடு, எண்ணூர், மீஞ்சூர் பக்கம் ஸ்பூல் (முன்கூட்டியே வெல்டு செய்து தயாராகும் பைப் தொகுப்பு) கட்டும் யார்டுகளில் இருக்கும் பிட்டர்கள், சூப்பர்வைசர்கள், புதிதாக க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலைக்கு வந்த டிப்ளமோ பிள்ளைகள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இது. அடுத்தடுத்த இரண்டு ஜாயிண்டுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும்? கேள்வி ஒரு வரிதான், பதில் லைனுக்கு லைன் மாறுகிறது. சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ஒரே யார்டில் வேலை ஓடும்போது மூன்று ஸ்பெக் (கிளையன்ட் தரும் வேலை விதிகள்) மேசையில் கிடக்கும். ஒன்றில் படித்ததை இன்னொன்றில் பேசுவதில் பாதிக் குழப்பம் வருகிறது. மீதிக் குழப்பம், கோடு எனப்படும் தொழில் விதிநூலைக் காட்டி "கோடுலயே இருக்கு சார்" என்று யாரோ எப்போதோ சொன்னதிலிருந்து வருகிறது.

சரி, கோடில் எத்தனை மி.மீ. என்று இருக்கிறது?

பைப்புக்குப் பைப் வட்டமாகச் சேர்க்கும் பட் வெல்டுகளைப் பற்றிக் கேட்டால், எண் எதுவும் இல்லை. ரிஃபைனரி, ரசாயன ஆலை வேலைகளுக்கான ஏஎஸ்எம்இ பி31.3-ஐ முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும், இரண்டு வட்ட வெல்டுக்கு நடுவே இத்தனை மி.மீ. இருந்தே ஆக வேண்டும் என்ற வரி கிடைக்காது. மின் நிலையப் பைப்பிங்குக்கான பி31.1-லும் அப்படித்தான். செக்‌ஷன் 9 என்பது வெல்டரையும் வெல்டிங் முறையையும் தகுதி பார்க்கும் புத்தகம். ஜாயிண்ட் எங்கே வர வேண்டும் என்பது அதன் வேலையே இல்லை.

கோடு சும்மா இருப்பதற்குக் காரணம் உண்டு. அது கேட்பது நல்ல ஃபிட்-அப் (வெல்டுக்கு முன் துண்டுகளைப் பொருத்துவது), தகுதியான வெல்டர், சரியான முறை, உரிய பரிசோதனை. இத்தனையும் இருந்தால் பக்கத்தில் இன்னொரு வெல்டு இருப்பது மட்டுமே குறை ஆகிவிடாது என்பதுதான் அதன் போக்கு. ஆகவே கோடைக் காட்டி ஒரு ஜாயிண்டை ரிஜெக்ட் செய்யும் இன்ஸ்பெக்டரிடம், எந்தப் பத்தி என்று மரியாதையாகக் கேட்கலாம். பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது கிளையன்ட் ஸ்பெக்காக இருக்கும். ஸ்பெக்கில் இருந்தால் ரிஜெக்ஷன் செல்லும், ஏனென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அந்த ஸ்பெக்குக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் இந்த 50 மி.மீ. எங்கிருந்து வந்தது?

கம்பெனி ஸ்பெக்குகளிலிருந்து. ஒன்றில் 50 மி.மீ. என்று இருக்கும். இன்னொன்றில் சுவர்த் தடிமனைப் போல நாலு மடங்கு அல்லது 50 மி.மீ., எது பெரிதோ அது. வேறொன்றில் பைப்பின் வெளி விட்டம் அளவுக்கு, அல்லது 100 மி.மீ. எல்லாமே சரிதான், அந்தந்த வேலைக்கு.

இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. யூடி (மீயொலிச் சோதனை) செய்பவரின் கணக்கைப் பாருங்கள். ஆங்கிள் ப்ரோபை வைத்து வெல்டைப் பார்க்க, ஒலி பைப்பின் அடிச் சுவரில் பட்டுத் திரும்பி மேலே வர வேண்டும். அந்த முழுத் தாவல், தடிமனைப் போல இரண்டு மடங்கை ப்ரோபின் கோணத்துக்கான டேன் மதிப்பால் பெருக்கினால் வரும். 10 மி.மீ. சுவருக்கு 60 டிகிரி ப்ரோப் என்றால் சுமார் 35 மி.மீ., 70 டிகிரி என்றால் சுமார் 55 மி.மீ. அதோடு ப்ரோபின் உடம்பு நகரவும் இடம் வேண்டும். பக்கத்து வெல்டின் கேப் (மேலே புடைத்து நிற்கும் கடைசி அடுக்கு) குறுக்கே எழுந்து நின்றால் ப்ரோப் ஏறி இறங்கிக் காய்ச்சல் கண்டது போல் ஆடுமே தவிர, நம்பக்கூடிய சிக்னல் வராது. சாதாரண தடிமன்களுக்கு 50-ஐ ஒட்டிய எண் அடிக்கடி வருவதில் இதற்குப் பங்கு உண்டு. கிரைண்டர் டிஸ்க், ஃபிட்-அப் கிளாம்ப், ப்ரீஹீட் டார்ச் இவற்றுக்கும் இடம் தேவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து எதுவரை அளப்பது?

சண்டை வரும் இடம் இது. சென்டர் டூ சென்டரா, டோ டூ டோவா (டோ என்பது வெல்டின் ஓரம்)? ஸ்பெக்கில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படி.

வித்தியாசம் சின்னது இல்லை. 6 அங்குல ஷெட்யூல் 40 பைப்பை எடுத்துக்கொள்வோம். சுவர் 7.11 மி.மீ., பெவல் (சரிவாகச் சீவிய முனை) 37.5 டிகிரி, ரூட் கேப் (வெல்டின் அடியில் இரண்டு முனைக்கும் நடுவே விடும் இடைவெளி) 3 மி.மீ. கேப் பாஸ் போட்டு முடித்தால் வெல்டின் அகலம் 14, 15 மி.மீ. வரும். சென்டர் டூ சென்டர் 50 வைத்தால், டோ டூ டோ 35 மட்டுமே மிஞ்சும். ஸ்பெக் டோ டூ டோ 50 கேட்டிருந்தால் ஜாயிண்ட் அவுட். சுவர் 12 மி.மீ. ஆனால் கேப்பே 22 மி.மீ.-ஐத் தொடும், இழப்பு இன்னும் கூடும்.

பிட்டர் கையில் இருப்பதோ பெவல் முனையிலிருந்து பெவல் முனைவரை உள்ள பைப் துண்டின் நீளம். அது மூன்றாவது அளவு. டோ டூ டோ 50 வேண்டுமானால், பப் பீஸை, அதாவது நடுவே சொருகும் அந்தச் சின்னத் துண்டை, 50-க்கு வெட்டினால் தோற்றோம். இரண்டு பக்கமும் கேப்பின் பாதி அகலம் துண்டின் மேல் ஏறும். 6 அங்குல உதாரணத்தில் குறைந்தது 65-க்கு வெட்ட வேண்டும். நான் 75 என்று மார்க் செய்யச் சொல்வேன். பத்து மி.மீ. பைப் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டப் போவதில்லை.

இடைவெளி குறைந்தால் உண்மையிலேயே என்ன கெடும்?

வெல்டின் இரு பக்கமும் சூட்டால் குணம் மாறிய பகுதி ஒன்று இருக்கும். யார்டில் அதை ஹாஸ் என்கிறோம். இரண்டு வெல்டின் ஹாஸ் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம். ஆனால் சாதாரண கார்பன் ஸ்டீலில் ஹாஸின் அகலம் சில மி.மீ. மட்டுமே. டோ டூ டோ 20 மி.மீ. இருந்தாலே இரண்டும் தொடாது. ஹாஸை மட்டும் காரணம் காட்டி 50, 100 என்று கேட்க முடியாது.

பெரிய காரணம், குளிரும்போது உள்ளே தங்கிவிடும் இழுவிசை. வட்ட வெல்டு ஆறும்போது சுற்றளவில் சுருங்கும். இடுப்பில் பெல்ட்டை இறுக்கியது போல, வெல்டு இருக்கும் இடத்தில் பைப் உள்பக்கம் இழுபடும். அந்த வளைவின் பாதிப்பு பைப்பின் நீளவாக்கில் கொஞ்ச தூரம் போய் அடங்கும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆரத்தையும் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதைப் போல இரண்டரை மடங்கு. 10 அங்குல ஷெட்யூல் 40 பைப்புக்கு இது 87 மி.மீ. வரும். அதற்குள் இன்னொரு வெல்டு வந்தால் இரண்டின் பாதிப்பும் கலந்துவிடும். கலந்தால் உடனே உடையும் என்று அர்த்தம் இல்லை. சாதாரண தண்ணீர் லைனில் ஒன்றுமே ஆகாமல் முப்பது வருடம் ஓடும். காஸ்டிக், அமீன், ஈரமான ஹைட்ரஜன் சல்பைடு போகும் லைன்களில் கதை வேறு. அங்கே தங்கிய இழுவிசையே விரிசலுக்குத் தீனி. அதனால்தான் அந்த சர்வீஸ்களில் வெல்டுக்குப் பிந்திய வெப்பச் சிகிச்சை, அதாவது நாம் சொல்லும் பிடபிள்யூஹெச்டி, தடிமனைப் பார்க்காமல் கேட்கப்படுவது உண்டு.

மூன்றாவது காரணம், என் கணக்கில் முதல் காரணம்: சின்னத் துண்டுக்கு நேர்கோடு கிடையாது. 30 மி.மீ. நீள வளையத்தை இரண்டு பைப்புக்கு நடுவே வைத்து ஸ்பிரிட் லெவல் எங்கே வைப்பீர்கள்? ஒரு பக்கம் டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) போட்டால் மறுபக்கம் வாய் பிளக்கும். ஹை-லோ (இரண்டு முனையின் ஏற்ற இறக்கம்) கூடும், ரூட்டில் லாக் ஆஃப் பெனிட்ரேஷன் (அடிவரை உருகாத குறை) வரும். இடைவெளிக் குறைவு என்று பழி சுமத்தப்படும் பல ஜாயிண்டுகளில் நிஜக் குற்றவாளி ஃபிட்-அப்.

எல்போவுக்கு நேராக ஃபிளேஞ்ச் வெல்டு செய்கிறோமே, அது தப்பா?

தப்பே இல்லை. ஃபிட்டிங்கோடு ஃபிட்டிங்கை (வளைவான எல்போ, போல்ட் போடும் ஃபிளேஞ்ச் போன்ற பாகங்களை) நேராகச் சேர்ப்பது உலகம் முழுக்க நடக்கும் வழக்கம். வெல்டுக்கு வெல்டு உள்ள தூரத்தை அங்கே ஃபிட்டிங்கின் உடம்பே தீர்மானிக்கிறது.

இந்த இடத்தில் 50 மி.மீ. மந்திரம் எப்படிப் பொய்க்கிறது என்று பாருங்கள். ஃபிட்டிங் அளவுகளுக்கான பி16.9-படி 2 அங்குல லாங் ரேடியஸ் எல்போவின் ஆரம் 76 மி.மீ., வெளி விட்டம் 60.3. அதில் 45 டிகிரி எல்போவின் உள்வளைவில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை டேப்பை வளைத்து வைத்தால் சுமார் 36 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் கேப்பின் பாதியைக் கழித்தால் 25-ஐ ஒட்டித்தான் மிஞ்சும். ஸ்டாண்டர்டு ஃபிட்டிங், மில் சர்டிஃபிகேட்டோடு வந்தது, அதை யாரும் ரிஜெக்ட் செய்வதில்லை. அதே எல்போவின் வெளிவளைவில் 83 மி.மீ. இருக்கும். ஒரே துண்டில் இரண்டு அளவு!

அதனால்தான் நல்ல ஸ்பெக்குகள் "ஃபிட்டிங் டூ ஃபிட்டிங் ஜாயிண்டுக்கு இது பொருந்தாது" என்று ஒரு வரி சேர்த்திருக்கும். அந்த வரி இல்லையென்றால், வேலை ஆரம்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். சில சூப்பர்வைசர்கள் இடைவெளி கிடைக்கட்டுமே என்று எல்போவுக்கும் ஃபிளேஞ்சுக்கும் நடுவே 50 மி.மீ. பப் பீஸ் சொருகுகிறார்கள். ஒரு ஜாயிண்டாக முடிய வேண்டியது இரண்டாகிறது. இரண்டு ரூட், இரண்டு ஃபிலிம் (ரேடியோகிராஃபி படம்), ரிப்பேர் வர இரண்டு வாய்ப்பு. தூரத்தைக் கூட்டுவதைவிட ஜாயிண்டைக் குறைப்பது எப்போதும் மேல் என்பது என் கட்சி.

ஒரு விதிவிலக்கு: ஸ்லிப்-ஆன் ஃபிளேஞ்சை எல்போவில் நேராக மாட்ட முடியாது. அதற்கு நேர் பைப் வேண்டும். அங்கே பப் பீஸ் தேவையால் வருவது.

"சார், ஸ்பூல் 18 மி.மீ. ஷார்ட் ஆகிப்போச்சு. ஒரு ரிங் வெட்டிப் போட்டு அடைச்சிடலாமா?"

கூடாது தம்பி. இடைவெளி விதி எதற்கு எழுதப்பட்டது என்று ஒரே உதாரணம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். 18 மி.மீ. ரிங்கில் இரண்டு பக்கமும் பெவல் அடித்தால் முழுத் தடிமனோடு நிற்கும் பைப்பே சொற்பம். இரண்டு கேப்பும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரே பட்டையாகிவிடும். ஃபிலிமில் எது எந்த ஜாயிண்ட் என்றே பிரிக்க முடியாது. அந்த ரிங்கில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்) எழுதக்கூட இடம் இருக்காது. மெட்டீரியல் டிரேஸபிலிட்டி அங்கேயே செத்தது.

முதலில் ஏன் ஷார்ட் ஆனது என்று பாருங்கள். ஒவ்வொரு பட் ஜாயிண்டும் ஆறும்போது நீளவாக்கில் ஒன்றரை முதல் மூன்று மி.மீ. சுருங்கும். ஆறு ஜாயிண்ட் உள்ள ஸ்பூலில் அதைக் கணக்கில் எடுக்காமல் வெட்டினால் 10, 15 மி.மீ. அங்கேயே போய்விடும். கேஸ் கட்டிங் முடித்துக் கிரைண்டிங்கில் தின்றது மிச்சம். ரூட் கேப்பைக் கூட்டிக் கழித்து இதைச் சரிசெய்யலாம் என்று தோன்றும். 3 மி.மீ. ரூட் கேப்பை 8 ஆக்கி வெல்டரை நிரப்பச் சொல்வதும் ரிங்குக்கு அண்ணன்தான். டபிள்யூபிஎஸ்-ல் (வெல்டிங் முறைக் குறிப்பில்) சொன்ன ரூட் கேப்பை மீற முடியாது.

செய்ய வேண்டியது, ஸ்பூலில் நேர் பைப் எங்கே நீளமாக இருக்கிறது என்று பார்த்து, அந்தத் துண்டையே முழுசாக மாற்றுவது. இரண்டு பழைய ஜாயிண்டை வெட்டி, சரியான நீளத்தில் புதுப் பைப். ஜாயிண்ட் எண்ணிக்கை கூடாது. அது முடியாவிட்டால் நேர் பைப்பின் நடுவில் வெட்டி, ஷார்ட் ஆன 18-ஐயும் சேர்த்து ஸ்பெக் அனுமதிக்கும் நீளத்தில் பப் பீஸ். 100 கேட்டால் 82-ஐ வெட்டி எடுத்து 100 போடுவது, ரூட் கேப்பையும் சுருக்கத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு. ஜாயிண்ட் இரண்டு கூடும், பரவாயில்லை.

செய்யவே கூடாத இன்னொன்று: செயின் பிளாக் போட்டு இழுத்துச் சேர்ப்பது. பைப்பைக் கேடான அளவுக்குத் திரித்து, வளைத்து அலைன்மென்டுக்குக் கொண்டுவருவதை பி31.3 வெளிப்படையாகத் தடுக்கிறது. ஃபிளேஞ்ச் முகம் விட்டத்தில் 200 மி.மீ.-க்கு 1 மி.மீ.-க்கு மேல் சாயக்கூடாது, போல்ட் துளைகள் 3 மி.மீ.-க்கு மேல் விலகக்கூடாது என்று அளவே கொடுத்திருக்கிறது. இழுத்துக் கட்டிய லைன் பம்ப்பின் நாசிலில் போய்த்தான் தன் கோபத்தைக் காட்டும்.

சைட்டில் மாட்டும் முனைகளில் 100, 150 மி.மீ. கூடுதல் நீளம் விட்டு, ஃபீல்டு ஃபிட் வெல்டாக வைத்தால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

நீளவாக்குத் தையல் உள்ள பைப்பில் என்ன பார்க்க வேண்டும்?

ஈஆர்டபிள்யூ, பிளேட்டை உருட்டி வெல்டு செய்த ஈஎஃப்எஸ்டபிள்யூ பைப்புகளில் நீளத் தையல் இருக்கும். இரண்டு பைப்பைச் சேர்க்கும்போது இரண்டு தையலும் ஒரே கோட்டில் வந்தால், வட்ட வெல்டைச் சந்திக்கும் இடத்தில் சிலுவை போல நான்கு கை கூடும். அதைத் தவிர்க்கத் தையலைத் தள்ளி வைக்கிறோம்.

இங்கே அடிக்கடி கேட்கும் "தடிமனைப் போல ஐந்து மடங்கு" என்பது பிரஷர் வெசலிலிருந்து வந்தது. ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8, டிவிஷன் 1 சொல்வது: அடுத்தடுத்த கோர்ஸ்களின் (வெசலின் உருட்டிய வளையத் துண்டுகளின்) நீளத் தையல்கள், தடிமன் கூடிய பிளேட்டின் தடிமனைப் போல குறைந்தது ஐந்து மடங்கு விலகி இருக்க வேண்டும், அல்லது சந்திப்பின் இரு பக்கமும் 100 மி.மீ.-க்கு அந்தத் தையலை ரேடியோகிராஃபி செய்ய வேண்டும். இரண்டாவது பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பைப்பிங் ஸ்பெக்குகள் இதைக் கடன் வாங்கிச் சொந்த எண் போட்டுக்கொள்கின்றன.

பைப்பில் விலக்குவது சுலபம், உருட்டினால் போதும். ஆனால் எந்தப் பக்கம் உருட்டுவது என்பதில் யோசனை வேண்டும். தையல் அடிப்பக்கம் வந்து ஷூவின் (பைப்பைத் தாங்கும் அடித்தாங்கி) மேல் உட்காரக்கூடாது. பிராஞ்ச் துளையின் மேலும் வரக்கூடாது. நேர் மேலே இருந்து இரு பக்கமும் மாறி மாறி 30, 45 டிகிரியில் வைப்பது நல்ல பழக்கம். மார்க்கர் பேனாவால் தையலின் இடத்தை ஸ்பூலின் வெளியே இழுத்து விடுங்கள். ப்ரைமர் அடித்த பிறகு ஈஆர்டபிள்யூ தையலைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பிராஞ்ச் (கிளைக் குழாய்), பேட் (அதைச் சுற்றி வைக்கும் வலுவூட்டும் தகடு) இவை ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வந்தால்?

முடிந்தால் நகர்த்துங்கள். நகர்த்த முடியாமல் பேட் வட்ட வெல்டின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், வழக்கமான நிபந்தனை இது: பேட் மூடப்போகும் பகுதியை முதலில் 100 சதவீதம் ரேடியோகிராஃபி செய்து பாஸ் ஆக்கு, கேப்பைப் பைப் மட்டத்துக்குக் கிரைண்ட் செய், பிறகு பேட் போடு. பேட் போட்டபின் கீழே இருக்கும் ஜாயிண்டை யாரும் பார்க்க முடியாது. வரிசையை மாற்றிச் செய்தால் பேட்டை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு பிராஞ்ச் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மட்டும் பி31.3-லேயே எண் இருக்கிறது. வலுவூட்டும் பகுதிகள் ஒன்றோடொன்று மோதும் அளவுக்கு நெருங்கினால், துளைகளின் மையங்களுக்கு நடுவே அவற்றின் சராசரி விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத் தேவைப்படும் வலுவூட்டும் பரப்பில் பாதியாவது நடுவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இது டிசைனர் பார்க்க வேண்டிய கணக்கு. சைட்டில் டேப் வைத்து முடிவு செய்யும் விஷயம் இல்லை.

ஷூ, டிரன்னியன் (பைப்பில் வெல்டு செய்த தாங்கு குழாய்), சுவர் ஸ்லீவ் (பைப் சுவரைக் கடக்கும் உறை)?

வட்ட வெல்டு இவற்றுக்குள் ஒளியக்கூடாது. ஹைட்ரோ டெஸ்டில் (தண்ணீர் அழுத்தச் சோதனையில்) ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். எண்ணூர், காட்டுப்பள்ளி போலக் கடலை ஒட்டிய இடங்களில் இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்று ஷூவுக்கும் பைப்புக்கும் நடுவே புகுந்து, காயாத ஈரமாக உட்கார்ந்துவிடும். பெயிண்ட் முதலில் விடுவதே வெல்டின் மேடுபள்ளத்தில்தான். அது ஷூவுக்குள் இருந்தால் துரு வெளியே தெரியும்போது தடிமன் பாதி போயிருக்கும். ரேக்கில் பைப் அடுக்கும்போது சப்போர்ட் லொகேஷனையும் ஜாயிண்ட் லொகேஷனையும் ஒரே ஐசோவில் (லைனின் ஐசோமெட்ரிக் டிராயிங்கில்) வைத்துப் பார்த்தால் இதைத் தவிர்க்கலாம். இரண்டையும் வேறு வேறு ஆட்கள் பார்ப்பதால்தான் தவிர்க்க முடியாமல் போகிறது.

ரிப்பேரில் ஜாயிண்டை வெட்டி எடுத்தால்?

கட்-அவுட் என்றால் பழைய வெல்டும் அதன் ஹாஸும் போக வேண்டும். பைப்பை நகர்த்த இடம் இருந்தால் இரண்டு முனையிலும் புதுப் பெவல் அடித்து ஒரே ஜாயிண்டாக முடித்துவிடலாம். நகராத லைன் என்றால் பப் பீஸ் வரும். அதன் நீளம் புது வேலைக்கான அதே விதிக்குள் வர வேண்டும். ரிப்பேர்தானே என்று 40 மி.மீ. துண்டு போடுவது செல்லாது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஃபில்லெட் வெல்டு பேட்ச் போடுவது தனிக் கதை. அதற்கு ஓடும் பைப்பிங்கின் பரிசோதனை, ரிப்பேருக்கான ஏபிஐ 570-ல் தெளிவான எண் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பேட்ச்களின் டோ டூ டோ தூரம், உள் ஆரத்தையும் பேட்ச்சுக்குத் தேவையான தடிமனையும் பெருக்கிய வர்க்கமூலத்தைப் போல நாலு மடங்குக்குக் குறையக்கூடாது. 10 அங்குல ஷெட்யூல் 40 பைப்பின் உள் ஆரம் 127 மி.மீ. பேட்ச்சுக்கு 6 மி.மீ. தேவை என்றால் சுமார் 110 மி.மீ. வரும். ஒரு பைப்பில் மூன்று இடத்தில் இப்படி அளந்துகொண்டிருக்கிறோம் என்றால், பேட்ச்சை விட்டுவிட்டு அடுத்த ஷட்டவுனில் அந்த நீளத்தையே மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஸ்டெயின்லெஸ், பி91 (உயர் சூட்டுக்கான குரோமியம் அலாய் ஸ்டீல்) இவற்றுக்கு வேறு கணக்கா?

எண் பெரும்பாலும் அதேதான், கவலை வேறு. 304 ஸ்டெயின்லெஸ்ஸில் 425 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரை உள்ள சூட்டில் நின்றால் குரோமியம் கார்பைடு பிரிந்து அரிப்பைத் தாங்கும் குணம் போகும். பக்கத்து ஜாயிண்டின் சூடு முதல் ஜாயிண்டை மீண்டும் அந்த வரம்புக்குள் தள்ளும். எல் கிரேடு (கார்பன் குறைந்த) பைப், இன்டர்பாஸ் (ஒரு அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே உள்ள) சூட்டுக் கட்டுப்பாடு, ஒரு ஜாயிண்ட் ஆறிய பிறகு அடுத்தது. இவை இருந்தால் பயம் இல்லை.

அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல்மின் நிலைய வேலைக்குப் போகிறவர்கள் பி91-ஐப் பார்த்திருப்பார்கள். அங்கே முழு ஆட்டமும் பிடபிள்யூஹெச்டியில். இரண்டு ஜாயிண்ட் நெருங்கி இருந்தால் இரண்டையும் முடித்துவிட்டு ஒரே ஹீட்டிங் பேண்டில் சேர்த்துச் செய்வது நல்லது. தனித்தனியாகச் செய்தால் முதல் ஜாயிண்ட் இரண்டாவதன் பேண்டின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு கணக்கில் வராத சூட்டை வாங்கும். தெர்மோகப்பிள் இரண்டு ஜாயிண்டிலும் தனித்தனியாக வேண்டும். நெருக்கம் உதவி செய்யும் அபூர்வமான இடம் இது.

ரேடியோகிராஃபியில் ஒரே ஷாட்டில் இரண்டு ஜாயிண்டை எடுத்துவிடலாமே?

இரவு ஷிஃப்டில் கயிறு கட்டி ஆட்களை விலக்கி நிற்கும் டீமுக்கு இந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் சின்ன விட்டப் பைப்பில், 89 மி.மீ. வரை, எலிப்ஸ் ஷாட்டுக்கு (வட்ட வெல்டு நீள்வட்டமாகத் தெரியும் படம்) சோர்ஸை ஜாயிண்டுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறோம். பக்கத்தில் ஃபிளேஞ்சோ இன்னொரு கேப்போ இருந்தால் கதிர் அதன் வழியாக வந்து ஃபிலிமில் நிழல் விழும். அப்போது எலிப்ஸை விட்டு, 60 அல்லது 120 டிகிரி இடைவெளியில் குறைந்தது மூன்று சூப்பர்இம்போஸ்டு (வெல்டின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்) ஷாட் எடுக்க வேண்டும். ஷாட் குறையாது, கூடும்.

ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகள்) லைனில் நாமே பப் பீஸ் சேர்க்கலாமா?

கூடாது. அழுத்தம் சதுர செ.மீ.-க்கு 3.5 கிலோவுக்கு மேல் போகும் நீராவிக் குழாய்களும், அழுத்தம் குறைந்தாலும் உள் விட்டம் 254 மி.மீ.-க்கு மேல் உள்ளவையும் இந்திய பாய்லர் விதிகளின் கீழ் வரும். அங்கே டிராயிங்குக்கு பாய்லர் துறையின் ஒப்புதல் உண்டு. ஒரு ஜாயிண்ட் கூடினால் ஒப்புதல் பெற்ற டிராயிங்கும் லைனும் பொருந்தாது. கிளையன்ட் வாய்மொழியாகச் சரி என்றாலும் திருத்திய டிராயிங் வரும்வரை வெட்டாதீர்கள்.

இடைவெளி கிடைக்கவே இல்லை. டிக்யூ (கிளையன்டுக்கு எழுதும் தொழில்நுட்பக் கேள்வி) போடச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

"வெல்டு ஸ்பேசிங் குறைவாக உள்ளது, அனுமதிக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் அடுத்த நாள் பத்துக் கேள்வியோடு திரும்பி வரும். லைன் நம்பர், ஐசோ, இரண்டு ஜாயிண்டின் எண்கள், பைப் சைஸ், தடிமன், மெட்டீரியல், என்ன போகிறது, டிசைன் அழுத்தமும் சூடும். ஸ்பெக்கின் எந்தப் பத்தி எவ்வளவு கேட்கிறது, கிடைப்பது எவ்வளவு, அது டோ டூ டோவா சென்டர் டூ சென்டரா. ஏன் நகர்த்த முடியவில்லை என்பதற்கு ஒரு போட்டோ, ஒரு கை ஸ்கெட்ச்.

அதோடு நாமே ஒரு பரிகாரம் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஜாயிண்டும் 100 சதவீதம் ரேடியோகிராஃபி, கேப் முடித்தபின் டிபி (சாயச் சோதனை) அல்லது எம்பிஐ (காந்தத் துகள் சோதனை), தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்து ஒரே பிடபிள்யூஹெச்டி, இன்டர்பாஸ் சூட்டின் பதிவு. எதைக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று எதிரில் இருக்கும் இன்ஜினியரும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார். நாம் கையில் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். வந்ததும் டிக்யூ எண்ணை ஐசோவிலும் வெல்டு சம்மரியிலும் எழுதிவிடுங்கள். ஹைட்ரோ டெஸ்ட் பேக்கேஜ் கட்டும்போது அதைத் தேடி மெயிலைக் கிளற வேண்டியிருக்காது.